ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்துச் சொச்சம்

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் அன்று காலை எதிர்க்கடையில் இட்லி வாங்கிவந்திருந்தேன். பொட்டலத்தைப் பிரித்து, ஒரு துண்டு பிட்டு, தண்ணியாக இருந்த சாம்பாரில் தோய்த்து, என் மனைவி தமிழரசியின் வாயருகே கொண்டுபோனேன். அவள் வாயைத் திறக்கவில்லை. என் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பையில் பேனா இருந்தது.

எடுத்து நீட்டினேன். வலது கை அவளுக்கு வரவில்லை, இடது கையால் வாங்கிக்கொண்டாள். இட்லி சுற்றிவந்த செய்தித்தாளின் வெள்ளை ஓரத்தைத் தன் பக்கம் இழுத்து, உதட்டைக் கடித்தபடி கோணல் மாணலாக எழுத ஆரம்பித்தாள். என் பெயராக இருக்கும், இல்லாவிட்டால் மகள் கயல் பெயராக இருக்கும் என்று குனிந்து பார்த்தேன்.

எழுத்து இல்லை. எண்கள்.

73939133.

எழுதி முடித்ததும் பேனாவை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு டீச்சர் பார்க்கிற பார்வை அது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கையிலிருந்த இட்லி ஊறிப்போய் படுக்கை விரிப்பில் விழுந்தது.

இத்தனை வாரமாக இந்தப் பக்கத்தில் எரிந்துபோன மோட்டார்களைப் பற்றியும் ஆழ்துளைக் கிணறுகளைப் பற்றியும் எழுதிக்கொண்டிருக்கிறேன். "வீட்டம்மா கணக்கு டீச்சர் என்று ஒரு இடத்தில் எழுதினீர்கள், அப்புறம் அவரைக் காணவே காணோமே" என்று உடையார்பாளையத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. இந்த வாரம் மோட்டார்கள் ஓரமாக இருக்கட்டும்.

நம்பர் பிளேட் படிப்பவள்

கல்யாணமான புதிதில் நடந்தது இது. தமிழரசியின் பிறந்த ஊர் ஆண்டிமடம். முந்திரிக்காட்டுக்காரர்கள். விருந்துக்குப் போய்விட்டு ஜெயங்கொண்டம் வழியாக அரியலூருக்குப் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். அவள் ஜன்னலோரம். எதிரே சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் அவள் உதடு அசைந்தது.

"சாமி கும்பிடறியா?" என்று கேட்டேன். அவ்வளவு பயம் லாரியைப் பார்த்து என்று நினைத்தேன்.

"இல்லைங்க. வகுத்துப் பாக்கறேன்."

"எதை?"

"நம்பர் பிளேட்ட. சிலது வகுபடும், சிலது எதாலயும் வகுபடாது. வகுபடாதது வந்தா நல்லாருக்கும்."

"வந்தா என்ன கெடைக்கும்?"

"ஒண்ணும் கெடைக்காது," என்று சொல்லிவிட்டு அடுத்த லாரியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

நான் மோட்டாருக்குக் காயில் கட்டுபவன். பத்தாம் வகுப்பில் கணக்கில் தப்பித்ததே பெரிய காரியம். பெண் எம்.எஸ்ஸி. படித்தவள் என்றபோது என் வீட்டில் எல்லோரும் தயங்கினார்கள். அவள்தான் தயங்கவில்லை. காயிலுக்கு எத்தனை சுற்று என்று எப்படி முடிவு செய்வீர்கள் என்று பெண் பார்க்கப் போன இடத்தில் கேட்டாள். பழைய காயிலைப் பிரித்து எண்ணுவேன் என்றேன். சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கல்யாணம் முடிவானது.

அதற்குப் பிறகு அவள் அரசுப் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராகி, கயல் பிறந்து, வளர்ந்து, சென்னைக்கு வேலைக்குப் போய், வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் ஆகி, எல்லாம் சாதாரணமாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஒரு நாள் காலை சமையலறையில் தோசைக் கரண்டி விழுந்தது. எடுத்துக்கொள்வாள் என்று பல் தேய்த்துக்கொண்டே நின்றேன். தோசை தீய்கிற வாசனை வந்தது. தமிழரசி தோசை தீய விடுகிறவள் இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தபோது மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. "என்னம்மா?" என்றேன். ஏதோ சொன்னாள். அது எந்த மொழியிலும் இல்லாத சொல்.

யார் நம்பர்?

பெரம்பலூர் டாக்டர் நிதானமானவர். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"மூளையில இடது பக்கம் ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. பேச்சு இருக்கற எடம் அதுதான். வலது கை, கால் கொஞ்சம் கொஞ்சமா வந்துரும். பேச்சு எவ்வளவு திரும்பும், நாம பேசறது அவங்களுக்கு எவ்வளவு புரியுதுன்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது. பொறுத்துப் பாக்கணும்."

எனக்குத் தெரிந்த பாஷையில் அதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். மூன்று பேஸில் ஒன்று போன மோட்டார் உறுமும், ஆனால் சுற்றாது. உள்ளே எது எரிந்தது, எது நன்றாக இருக்கிறது என்று பிரிக்காமல் சொல்ல முடியாது. தமிழரசியைப் பிரித்துப் பார்க்க முடியாதே.

அந்த நேரத்தில்தான் இந்த எட்டு இலக்கம் வந்தது. பேனா கிடைத்தால் தாளில், கிடைக்காவிட்டால் போர்வையின் மேல் விரலால். அதே எண்.

தமிழரசியின் அண்ணன் ராசேந்திரன் ஆண்டிமடத்திலிருந்து வந்தார். தங்கச்சி என்றால் உயிர். எண்ணைப் பார்த்ததும் துப்புத் துலக்கக் கிளம்பிவிட்டார்.

"போன் நம்பர்னா பத்து வரணும் மாப்ள. இது எட்டுதான் இருக்கு. எதோ முக்கியமான நம்பர். நம்மகிட்ட சொல்லணும்னு துடிக்குது பாருங்க."

கேஸ் புத்தகம், கரண்டு அட்டை, இன்சூரன்ஸ் பத்திரம், பீரோ சாவி என்று எண் இருக்கிற எதையும் விடவில்லை. அம்மாவின் செல்போன் பாஸ்வேர்டாக இருக்கும் என்று கயல் சென்னையிலிருந்து சொன்னாள். போட்டுப் பார்த்தோம். திரும்பத் திரும்பப் போட்டதில் போன் பூட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

ராசேந்திரன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்பார்.

"தங்கச்சி, இது கேஸ் நம்பராம்மா?"

"ஆமா," என்பாள் தமிழரசி. அந்த ஒரு சொல் திரும்பியிருந்தது.

"கரண்டு நம்பரா?"

"ஆமா."

"பள்ளிக்கூடத்து நம்பரா?"

"ஆமா."

எனக்குச் சந்தேகம் வந்து, "என் பேரு அப்துல் காதரா?" என்று கேட்டேன்.

"ஆமா."

ராசேந்திரன் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் எனக்கு விளக்கினாள். "ஆமா, இல்ல ரெண்டும் அவங்களுக்கு எடம் மாறி வருது சார். ஒண்ண நெனச்சு இன்னொண்ணச் சொல்லுவாங்க. தலையாட்டறதும் அப்படித்தான். அதனால அவங்க சொல்ற பதில அப்படியே எடுத்துக்காதீங்க. புரியலன்னும் முடிவு பண்ணிராதீங்க."

கட்டை விரல்

அரியலூர் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். ஊன்றுகோல் பிடித்து நடந்தாள். ஜன்னலோரம் நாற்காலி போட்டு, அந்தப் பெண் சொன்னபடி ஒரு சிலேட்டும் பல்பமும் வாங்கிக் கொடுத்தேன். சிமெண்டுத் தூசி படிந்த வேப்பமரத்தைப் பார்த்தபடி நாள் முழுக்க உட்கார்ந்திருப்பாள்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் அவளை வைத்துக்கொண்டே அவளைப் பற்றிப் பேசினார்கள். "எவ்வளவு நல்லா பேசும்! இப்ப பாரு." "ஆளு அடையாளம் தெரியுதா?" சிலர் அவளிடம் செவிடரிடம் பேசுவது போலக் கத்தினார்கள். அவள் கண்ணை மூடிக்கொள்வாள். "தூக்கம் வருது போலருக்கு, பாவம்" என்பார்கள். அது தூக்கம் இல்லை என்று எனக்குத் தோன்றும். ஆனால் நிச்சயமாகச் சொல்ல என்னிடம் என்ன இருந்தது?

சிலேட்டில் தினமும் அந்த எண்ணை எழுதினாள். இப்போது ஒரு புது வேலையும் செய்தாள். எழுதியதும் கட்டை விரலால் கடைசி இலக்கத்தை மறைத்துவிட்டு என்னைப் பார்ப்பாள். அப்புறம் கடைசி இரண்டை மறைப்பாள். பார்ப்பாள். அப்புறம் மூன்று. உள்ளங்கை சிலேட்டில் நகர்ந்து நகர்ந்து கடைசியில் ஏழு மட்டும் மிஞ்சும்.

"கொழந்த வெளையாடற மாதிரியே வெளையாடுது," என்றார் எதிர்வீட்டு அம்மா. தமிழரசி பல்பத்தைக் கீழே போட்டாள்.

அவளுடைய மருத்துவ விடுப்பு முடிகிற சமயம் நெருங்கிக்கொண்டிருந்தது. ராசேந்திரன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, தயங்கித் தயங்கிப் பேச்சை எடுத்தார்.

"நான் சொல்றத தப்பா எடுத்துக்காதீங்க மாப்ள. பள்ளிக்கூடத்துல எழுதிக் குடுத்துருவோம், இனிமே முடியாதுன்னு. தங்கச்சிய ஆண்டிமடம் கூட்டிட்டுப் போயிடறேன். வூட்டுல ஆளுங்க இருக்கு, காத்தோட்டமா இருக்கும். நீங்க கடைய பாத்துக்கிட்டு வாரா வாரம் வாங்க. கணக்கு டீச்சருக்கு ஆமா இல்லன்னே சொல்ல வரல. இனிமே எப்படி?"

அவர் சொன்னதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். தமிழரசி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு நாள் டைம் குடுங்க மச்சான்," என்று மட்டும் சொன்னேன்.

என்ன எண்?

மறுநாள் கடையில் கரண்டு இல்லை. வார்னிஷ் வாசனையும் புழுக்கமுமாக உட்கார்ந்திருந்தேன். எதிரே ரோட்டில் ஒரு டிப்பர் நின்றது. பழக்கம் இல்லாத பழக்கமாக அதன் நம்பர் பிளேட்டைப் பார்த்தேன். வகுபடுமா என்று ஒரு யோசனை ஓடியது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் அது யாருடைய நம்பர், எந்த ஆபீஸ் நம்பர் என்றே தேடியிருக்கிறோம். அது என்ன மாதிரி எண் என்று ஒருவர் கூடக் கேட்கவில்லை. எழுதினவள் கணக்கு டீச்சர்!

பழைய காயில் பெட்டி அட்டையைக் கிழித்து எண்ணைப் பெரிதாக எழுதினேன். நம் முறைப்படி காற்புள்ளி வைத்தேன். 7,39,39,133. ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து நூற்று முப்பத்து மூன்று. வாய்விட்டுப் படித்தபோது நன்றாகத்தான் இருந்தது.

முதலில் கண்ணில் பட்டது, அதில் இரட்டைப்படை இலக்கம் ஒன்றுகூட இல்லை. பூஜ்யம் இல்லை, ஐந்து இல்லை. ஏழு, மூன்று, ஒன்பது, ஒன்று, இவை நான்கே திரும்பத் திரும்ப வந்தன. இரண்டால் போகாது. ஐந்தால் போகாது. மூன்றுக்கு இலக்கங்களைக் கூட்டிப் பார்க்கவேண்டும் என்பது பள்ளிக்கூட ஞாபகம். கூட்டினேன். முப்பத்தெட்டு. மூன்றாலும் போகாது.

செல்போன் கால்குலேட்டரை எடுத்தேன். ஏழால் வகுத்தால் இரண்டு மீதி. பதினொன்றால் வகுத்தால் நான்கு மீதி. பதிமூன்றால் வகுத்தால் எட்டு மீதி. இரண்டு, நான்கு, எட்டு! பதினேழுக்குப் பதினாறு வரும் என்று ஆசையோடு தட்டினேன். பதிமூன்று வந்தது. அந்த ஏமாற்றத்தில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. தமிழரசி பஸ் ஜன்னலில் எதைத் தேடினாள் என்று அந்த நிமிஷம் கொஞ்சம் புரிந்தது.

பத்தொன்பது, இருபத்து மூன்று, இருபத்தொன்பது என்று போய்க்கொண்டே இருந்தேன். எதாலும் வகுபடவில்லை. இப்படி எவ்வளவு தூரம் போகவேண்டுமோ தெரியவில்லை. அலுத்துப்போய் அட்டையைக் கீழே வைத்தபோது என் கட்டை விரல் தற்செயலாகக் கடைசி மூன்றின் மேல் இருந்தது.

விரலை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரிய பக்கம் முடியாவிட்டால் சின்னப் பக்கமிருந்து வரலாமே. ஏழு மட்டும் என்றால் வகுபடாத எண். எழுபத்து மூன்று, அதுவும் வகுபடாது. எழுநூற்று முப்பத்தொன்பது? மூன்று, ஏழு, பதினொன்று, பதிமூன்று, பதினேழு, பத்தொன்பது, இருபத்து மூன்று. எதாலும் போகவில்லை. அடுத்தது ஏழாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்று மூன்று. அதற்கு எண்பது சொச்சம் வரை போனேன். அதுவும் அசையவில்லை.

கடையைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தேன்.

வீட்டில் அவள் ஜன்னலோரம் இருந்தாள். சிலேட்டை வாங்கி எண்ணை நானே எழுதினேன். ஏழை விட்டுவிட்டு மீதியைக் கையால் மறைத்தேன்.

"இது வகுபடாது," என்றேன்.

அவள் நிமிர்ந்தாள்.

கையை ஓர் இலக்கம் நகர்த்தினேன். "இதுவும் வகுபடாது." இன்னொன்று. "இதுவும்." இன்னொன்று. "இதுவும் வகுபடாது. இதுக்கு மேல எனக்குப் போடத் தெரியல தமிழு. ஆனா போகாதுன்னு நெனைக்கிறேன். எல்லாமே போகாதா?"

அவள் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு பலம் அந்தக் கையில் இருந்தது என்று எனக்குத் தெரியாது.

பின்னால் ஒன்று சேர்த்தால்

மும்தாஜ் டீச்சர் தமிழரசியோடு அதே பள்ளியில் கணக்கு எடுப்பவர். போன் செய்தேன். அன்று சாயங்காலமே வந்தார். சிலேட்டைப் பார்த்ததும் புர்காவின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"யா அல்லா! அண்ணே, இதயா கேஸ் நம்பர்னு தேடினீங்க?"

"உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?"

"வருசா வருசம் பத்தாம் வகுப்புக்கு இதச் சொல்லிட்டுத்தான் பகா எண் பாடத்தையே ஆரம்பிப்பா. இது பகா எண். கடைசி இலக்கத்த அழிங்க, மிச்சமும் பகா எண். இன்னொண்ண அழிங்க, அதுவும். ஏழு வரைக்கும் இப்படியே வரும், ஒரு எடத்துலயும் ஒடையாது."

"சரி, பின்னாடி இன்னொண்ணு சேத்தா?"

மும்தாஜ் டீச்சர் என்னை வியப்பாகப் பார்த்தார். தமிழரசியும் பார்த்தாள்.

"நல்ல கேள்விண்ணே. எதைச் சேப்பீங்க? இரட்டைப்படை, அஞ்சு, பூஜ்யம் சேத்தா ஒடனே வகுபட்டுரும். மிச்சம் ஒண்ணு, மூணு, ஏழு, ஒம்பது. இதோட இலக்கக் கூட்டுத்தொக முப்பத்தெட்டு. ஒண்ணு சேத்தா முப்பத்தொம்பது. ஏழு சேத்தா நாப்பத்தஞ்சு. ரெண்டுமே மூணால போயிடும். மூணோ ஒம்பதோ சேத்தாலும் ஒடையும், ஆனா கையால கண்டுபிடிக்க நாளாகும். ஆக, இதோட சரி. இந்த மாதிரி எண்ணுல இதுதான் கடைசி. இதவிடப் பெருசு கெடையாது."

"எண்ணுக்குத்தான் முடிவே இல்லையே டீச்சர். இது மட்டும் எப்படி முடியும்?"

"பெருசாகப் பெருசாக வகுபடாத எண்ணு அரிதாயிட்டே வரும்ணே. இலக்கம் சேக்கச் சேக்க ஒண்ணோ ரெண்டோதான் தப்பிக்கும். ஒரு கட்டத்துல ஒண்ணுமே தப்பிக்கல. அவ்வளவுதான்."

பேசிக்கொண்டே மும்தாஜ் டீச்சர் சிலேட்டை அழித்து எண்ணைத் திரும்ப எழுதினார். 73939123. தப்பாக எழுதிவிட்டார் என்று நான் சொல்வதற்குள் தமிழரசியின் கை நீண்டது. அந்த இரண்டை விரலால் தேய்த்து அழித்து, மூன்று போட்டு, சிலேட்டை மும்தாஜ் டீச்சரின் மடியில் தள்ளினாள்.

"வேணும்னுதான்டி எழுதினேன்," என்றார் மும்தாஜ் டீச்சர். "இருக்கியா நீ? முழுசா இருக்கியா?"

தமிழரசி சிரித்தாள். வாய் இன்னும் ஒரு பக்கம் கோணியிருந்தது. ஆண்டிமடத்தில் பெண் பார்க்கப் போனபோது சிரித்தாளே, அதே மாதிரி இல்லை. இது கொஞ்சம் கோபம் கலந்த சிரிப்பு. இவ்வளவு நேரமா உங்களுக்கு என்று கேட்கிற சிரிப்பு.

வெகுநாள் கழித்து, சொற்கள் ஒவ்வொன்றாக அவளுக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலத்தில், ஏன் அந்த எண்ணையே எழுதினாய் என்று கேட்டேன். யோசித்து யோசித்துச் சொன்னாள்.

"பேரு... போச்சு. உங்க பேரு. கயல் பேரு... போச்சு. கண்ண மூடுனா... இது இருந்துச்சு. ஒண்ணு ஒண்ணா... அழிச்சுப் பாத்தேன். சரியா... வந்துச்சு."

மகளின் பெயரே தொலைந்துபோன இருட்டில் அவள் அந்த எட்டு இலக்கத்தைத் தடவித் தடவிச் சரிபார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், தான் இருக்கிறோமா என்று.

தொண்ணூற்றொன்று

ராசேந்திரன் பதில் கேட்க வந்தார். பையில் முந்திரிப்பழம் கொண்டுவந்திருந்தார். அந்த வாசனை கூடம் முழுக்க நிறைந்தது. நடந்ததைச் சொன்னேன். சந்தோஷப்பட்டார், ஆனால் மசியவில்லை.

"சந்தோசம் மாப்ள. ஆனா கணக்கு தெரியறது வேற, வேலைக்குப் போறது வேற. அது மனசுல என்ன இருக்குன்னு யாரு கண்டா? கேட்டா எல்லாத்துக்கும் ஆமாங்குது."

எனக்கு அதற்குள் ஒரு யோசனை வந்திருந்தது. சிலேட்டைத் தமிழரசியிடம் கொடுத்தேன்.

"தமிழு, வாயால சொல்ல வேணாம். தலையாட்டவும் வேணாம். ஆமான்னா வகுபடாத எண் எழுது, பகா எண். இல்லன்னா வகுபடற எண் எழுது. சரியா? இது அரியலூரா?"

13 என்று எழுதினாள்.

"இவரு ஒந்தம்பியா?"

அண்ணனை ஒரு பார்வை பார்த்துவிட்டு 8 என்று எழுதினாள்.

ராசேந்திரன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் எதிரே உட்கார்ந்தார். "நான் கேக்கறேன் மாப்ள," என்றார். தங்கையின் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, என்கூட ஆண்டிமடம் வந்துடறியாம்மா? வேலய விட்டுட்டு?"

அவள் உடனே எழுதவில்லை. அண்ணன் முகத்தையே பார்த்தாள். பிறகு எழுதினாள். 91.

"ஆமாவா, இல்லையா?" என்று என்னைக் கேட்டார்.

நான் தடுமாறினேன். இரண்டால் போகவில்லை. ஒன்பதும் ஒன்றும் பத்து, மூன்றாலும் போகவில்லை. ஐந்தால் இல்லை. பகா எண் என்றே நினைத்தேன். அப்புறம் ஏழு. "ஏழு பதிமூணு தொண்ணூத்தொண்ணு," என்றேன் மெதுவாக. "வகுபடுது மச்சான். வரலைங்குது."

ராசேந்திரன் சிலேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதுக்கு ஏன் இவ்வளவு கஷ்டமான எண்ண எழுதணும்? நாலுன்னு எழுதினா போதாதா?" என்று கேட்டார். தமிழரசியின் உதட்டோரம் அசைந்தது. அண்ணனிடம் சட்டென்று இல்லை என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை போல.

"சரி, பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போகணுமா?"

97.

இந்தத் தடவை அவர் என்னைக் கேட்கவில்லை. தானே விரல் விட்டு ஆரம்பித்தார். "ரெண்டால போகல. ஒம்பதும் ஏழும் பதினாறு, மூணால போகல. அஞ்சு கெடையாது. ஏழு பதிமூணு தொண்ணூத்தொண்ணு, ஆறு மீதி. அடுத்தது பதினொண்ணு..."

"அதுக்கு மேல பாக்க வேணாம் மச்சான். பதினொண்ணு பதினொண்ணு நூத்தி இருபத்தொண்ணு, தாண்டிடும்."

"அப்ப போகணுங்குதா?"

"போகணுங்குது."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு குழந்தை மாதிரி ஒரு கேள்வி கேட்டார். "இந்த அண்ணன் மேல கோவமாம்மா?"

தமிழரசி கொஞ்ச நேரம் பல்பத்தைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு யோசித்தாள். 1 என்று எழுதினாள்.

அதற்கு எனக்கு விடை தெரியவில்லை. மும்தாஜ் டீச்சருக்குப் போன் போட்டோம். ஸ்பீக்கரில் அவர் சிரித்தது வீடு முழுக்கக் கேட்டது. "ஒண்ணு பகா எண்ணும் கெடையாது, பகு எண்ணும் கெடையாதுண்ணே. ரெண்டுக்கும் நடுவுல!"

ராசேந்திரன் அன்று சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

வகுப்பறை

பள்ளிக்கூடம் உடனே வந்துவிடவில்லை. மருத்துவக் குழு முன்னால் இரண்டு முறை போய் நிற்கவேண்டியிருந்தது. தலைமையாசிரியை ஒரு வழி சொன்னார். முதலில் மும்தாஜ் டீச்சரோடு சேர்ந்து வகுப்புக்குப் போகட்டும், இவள் போர்டில் எழுதட்டும், அவர் பேசட்டும், போகப் போகப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். இன்ஷா அல்லா என்று மும்தாஜ் டீச்சர் ஒத்துக்கொண்டார்.

முதல் நாள் நான்தான் கொண்டுபோய் விட்டேன். ஊன்றுகோலை வண்டியிலேயே விட்டுவிட்டாள். எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டினாள். பத்தாம் வகுப்பு வாசல்வரை போய் வெளியே நின்றேன். மும்தாஜ் டீச்சர் ஆபீஸ் அறையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வர இன்னும் நேரமிருந்தது. தமிழரசி காத்திருக்கவில்லை, உள்ளே போய்விட்டாள்.

பெஞ்சுகள் நகர்கிற சத்தம். மொத்த வகுப்பும் எழுந்து நின்று, "வணக்கம் டீச்சர்" என்று இழுத்துச் சொன்னது.

பிறகு சத்தமே இல்லை. டீச்சர் உட்காரச் சொன்னால்தான் பிள்ளைகள் உட்காரலாம். அவளுக்கு அந்தச் சொல் வரவில்லை. ஜன்னல் வழியே அவள் முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. தோள் ஏறி இறங்கியது. கையால் சைகை காட்டியிருக்கலாம். போர்டில் எழுதியிருக்கலாம். அவள் இரண்டையும் செய்யவில்லை. வாயால் சொல்லவேண்டும் என்று நின்றாள்.

பிள்ளைகளும் நின்றார்கள். ஒருத்தி கூட அசையவில்லை, ஒருத்தி கூடப் பக்கத்தில் இருப்பவளைப் பார்க்கவில்லை. எனக்கு உள்ளே ஓடிப்போய் நானே சொல்லிவிடலாம் போல இருந்தது.

"எந்..." என்றாள் தமிழரசி. நிறுத்தினாள். மறுபடி தொடங்கினாள்.

"எந்திரிங்க."

மொத்த வகுப்பும் உட்கார்ந்தது.